கேடி சவரியப்பன் கத்துன ஒத்தச் சொல்லு

சத்தியமாச் சொல்றேண்ணே, இதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. வேணும்னா இந்தா, மாவுக்கட்டு போட்ட கால் மேல அடிச்சே சத்தியம் பண்றேன். ஆத்தாடி! பாத்தீங்களா, உசிரு போகுது. வலிக்கிற கால் மேல அடிச்சு எவனாச்சும் பொய்ச் சத்தியம் பண்ணுவானா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காலை உங்க பக்கமா நீட்டிக்கிறேன். இந்த பஸ்ஸுல மதுரை வரைக்கும்தான போறீங்க? நானும் மதுரைதான். அப்பக் கேட்டுத்தான ஆகணும், வேற வழி?

என் பேரு சவரியப்பன். தொழிலு கேடி.

பாருங்க, பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டீங்க! எல்லாரும் இதத்தான் பண்றாய்ங்க. போலீஸ் ஸ்டேசன் செவுத்துல போட்டோ ஒட்டுவாய்ங்களே, அந்தக் கேடி இல்லண்ணே. கோல்ப் கேடி. மலை மேல கிளப்புல பெரிய மனுசங்க குச்சி மூட்டையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே நடக்கிறவனுக்கு அதான் பேரு. பொண்ணு கேட்டுப் போனப்ப, மாப்ளைக்கு என்ன சோலின்னாரு எங்க மாமனாரு. எங்க சித்தப்பன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'கேடியா இருக்கான், கிளப்புலயே இவன்தான் பெரிய கேடி'ன்டான். மாமனாரு நல்ல மனுசன். 'இப்ப ஜாமீன்ல வந்துருக்காரா?'ன்னு மட்டும் கேட்டாரு.

கோல்புன்னா வேற ஒண்ணுமில்லண்ணே. சின்னப் பந்த பெரிய காட்டுக்குள்ள அடிச்சுத் தொலைக்கணும். தொலைச்சதத் தேடுறதுக்கு என்னைய மாதிரி ஒருத்தன வச்சுக்கிறணும். அம்புட்டுத்தான். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி பாக்கணுமே! பந்து எங்க கெடக்குன்னு பாப்பாக. குழி எம்புட்டுத் தூரம்னு பாப்பாக. நாலு புல்லைக் கிள்ளி மேல வீசிக் காத்து எந்தப் பக்கம்னு பாப்பாக. பெறகு மூட்டையில இருக்கிற பதினாலு குச்சியில எதுன்னு யோசிப்பாக. அதுக்குள்ள நான் ஒரு பீடி குடிச்சு முடிச்சிருவேன்.

நான் மூட்டை தூக்குறது ஒரு கர்னல் அய்யாவுக்கு. ரிட்டயரு ஆயி மலையில வீடு கட்டி இருக்காரு. எனக்குப் புத்தி வந்ததே அவராலதான். ஒரு நாள் 'சவரி, எந்தக் குச்சி?'ன்னாரு. நான் பட்டுனு 'எட்டாம் நம்பரு அய்யா'ன்னேன். அடிச்சாரு. பந்து நேராப் போயி ஏரிக்குள்ள முங்கிருச்சு. நான் மூட்டையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த மனுசன் மீசையத் தடவிக்கிட்டு என்னா சொன்னாரு தெரியுமா? 'சவரி, டிசிசன் கரெக்டு. ரிசல்ட்டுதான் ராங்கு. முடிவெடுத்தா சந்தேகப்படக் கூடாது'ன்டாரு.

அடேயப்பா! எம்புட்டுப் பெரிய சொல்லு! பள்ளிக்கூடத்துல மூணாப்பு வரைக்கும் உக்காந்தேன், ஒரு வாத்தியும் இதச் சொல்லிக் குடுக்கலயே. முடிவு சரி, நடந்ததுதான் தப்பு. அன்னையில இருந்து நான் தப்பே பண்ணதில்லண்ணே. நடக்கிறதுதான் தப்புத் தப்பா நடக்குது.

இன்னொன்னும் சொல்லிர்றேன், இது தெரியலேன்னா பின்னாடி வெளங்காது. அடிச்ச பந்து ஆளு நிக்கிற பக்கமாப் பறந்துச்சுன்னா, கேடி தொண்டை கிழியக் கத்தணும். 'ஃபோர்!'னு கத்தணும். கிளப்புல இருக்கிற அம்புட்டுப் பேரும் அதக் கேட்டதும் தலையக் கவுத்துக் கையால மூடிக்கிருவாக. மந்திரிச்சு விட்ட மாதிரி அப்பிடியே குனிஞ்சிருவாக. எனக்கு அந்த இங்கிலீசு 'ஃபோ' வாயில நொழையாது, 'போர்'னுதான் வரும். வந்தா என்னா, குனியிறவுக குனிஞ்சுக்கிருவாக.

இப்பக் கபடிக்கு வாறேன்.

எங்க ஊரு டீமுக்கு நான்தான் கேப்டன். ஏன்னு கேக்காதீங்க. ஏழு பேருக்கும் பனியன் வாங்கிக் குடுத்தது கர்னல் அய்யா, கேட்டு வாங்கினது நானு. பனியன் கொண்டாந்தவன் கேப்டனாகாம வேற எவன் ஆவான்? ஆனா டீமோட உசிரு நான் இல்ல, உண்மையச் சொல்லணும்ல. உசிரு என் மச்சினன் ராயப்பன். எம் பொண்டாட்டி ஞானம்மாவோட தம்பி. 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டு எதிராளி கட்டத்துக்குள்ள போனான்னா, மீன் மாதிரி. நாலு பேரு கட்டிப் பிடிச்சாலும் வழுக்கிக்கிட்டு வந்துருவான்.

அவனுக்கு இருவத்தஞ்சு வயசு முடியப் போகுதுண்ணே. அந்த வயசு தாண்டிட்டா கம்பெனி டீம்ல எடுக்க மாட்டாய்ங்க. டீம்ல எடுத்தா வேலை, வேலைன்னா மாசச் சம்பளம், இல்லேன்னா ஆயுசுக்கும் பூண்டு மூட்டை தூக்கணும். போன வருசம் மூட்டை விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு, அதோடதான் விளையாடுறான். இந்த வருசக் கடைசி மேட்ச்சுக்கு, கம்பெனியில இருந்து ஆள் எடுக்கிறதுக்கு தனுஷ்கோடி சாருன்னு ஒருத்தரு வாராருன்னு சேதி வந்துச்சு. இது தவறுனா அவனுக்கு அடுத்து ஒண்ணு கிடையாது.

ஞானம்மா காலையில எனக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு, எதிர்ல வந்து குத்த வச்சு உக்காந்தா. 'ஏய்யா, ஒன்னையக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இன்னைக்கு ஒரு நா மட்டும் நீ எந்த முடிவும் எடுத்துறாத'ன்டா.

பாவம், பொம்பளை. கேப்டன்னா என்னான்னு தெரியாதுல்ல.

எதிர் டீமு பாறைக்காட்டுக்காரய்ங்க. அவிங்க கேப்டன் பேரு சின்னக்காளை. எந்தப் புண்ணியவான் சின்னன்னு பேரு வச்சானோ, ஒவ்வொரு கையும் ஆட்டுத் தொடை மாதிரி இருக்கும். பாறைக்காட்டுக்காரய்ங்க விளையாட வாரதில்லண்ணே, கறி போட வாராய்ங்க. மொத அஞ்சு நிமிசத்துலயே எங்க ஆளு ஒருத்தனுக்குப் பல்லு ரெண்டு மண்ணுல. இன்னொருத்தனுக்குக் காது கிழிஞ்சு தொங்குது. ராயப்பனுக்குப் புருவத்துல முழங்கையால ஒண்ணு வச்சான் சின்னக்காளை, பொளந்து ரத்தம் கண்ணுக்குள்ள வடியுது. துணியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு மறுபடி பாடிப் போறான் எம் மாப்ள. போயிட்டு வாரப்ப எல்லாம் பாயிண்டோட வாரான்.

நான் சும்மா இருக்க முடியுமா? முடிவெடுத்தேன். சமையக்காரன் பெரியதம்பி இருக்கானே, நூறு கிலோ, அவனப் பாடிப் போகச் சொன்னேன். 'அண்ணே, எனக்கு மூச்சுப் பிடிக்காதே'ன்டான். 'கான்பிடென்சா போடா'ன்னேன். போனான். ரெண்டு 'கபடி'தான் சொன்னான், மூணாவதுல இருமல் வந்துருச்சு. அஞ்சு பேரு மேல விழுந்து அமுக்குனாய்ங்க. விலா ஒடஞ்ச சத்தம் ஐஸ் வண்டிக்காரனுக்குக் கேட்டுச்சாம்.

சரி, டிசிசன் கரெக்டு. ரிசல்ட்டு ராங்கு.

அடுத்து நானே போனேன். சின்னக்காளை என் இடுப்புல கை போட்டுத் தூக்கி, துணி தொவைக்கிற மாதிரி ஒரு சாத்து சாத்துனான் பாருங்க. மூஞ்சி மண்ணுல உழுதுருச்சு. ஒரு கண்ணுல மலை தெரியுது, ஒரு கண்ணுல எங்கப்பன் தெரியிறாரு, செத்து ஒம்பது வருசம் ஆச்சு அவருக்கு. மூக்கு ரத்தத்தத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு, கூட்டத்தப் பாத்துக் கும்பிட்டேன். 'டிசிசன் கரெக்டு!'ன்னேன். எவனோ ஒருத்தன் செருப்ப விட்டெறிஞ்சான்.

இப்பிடியே போயி இருவத்தேழுக்கு இருவத்தேழு. சமம். கடைசி ஒரு பாட்டுதான் பாக்கி, அதுவும் எங்களது. நான் அவுட்டாயி கோட்டுக்கு வெளிய உக்காந்துருக்கேன். தனுஷ்கோடி சாரு மேசை போட்டு, கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, நோட்டோட உக்காந்துருக்காரு. ராயப்பன் நடுக்கோட்டுக்கிட்ட நிக்கிறான். நெஞ்சு ஏறி ஏறி எறங்குது.

'மாப்ள, இருடா, அவசரப்படாத. காத்து பாக்கணும்'னு ஓடினேன்.

'கபடிக்கு எதுக்கு மாமா காத்து?'

'எல்லாத்துக்கும் காத்துடா!' கீழ குனிஞ்சு ஒரு பிடி மண்ண அள்ளி மேல வீசினேன். காத்து அவன் பக்கமாத்தான் இருந்துச்சு. அம்புட்டும் அவன் நல்ல கண்ணுக்குள்ள.

கண்ணக் கசக்கிக்கிட்டே சொன்னான்: 'மாமா, அக்கா மேல இருக்கிற மரியாதைக்குக் கேக்குறேன். போயி உக்காரு.'

போனான்ணே. ஒரு கண்ணுல ரத்தம், ஒரு கண்ணுல மண்ணு. 'கபடி கபடி கபடி'ன்னு காதுலதான் பாக்குறான் போல. இடது ஓரம் போறான், வலது ஓரம் வாரான். சின்னக்காளை காலுக்குப் பாய, இவன் அவன் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, ஆளையே தாண்டிக் குதிச்சு, மத்தவன் கை படுறதுக்குள்ள நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தான். விசிலு! தொட்டது ஒருத்தன, பாயிண்டு ஒண்ணு. இருவத்தெட்டு, இருவத்தேழு. ஜெயிச்சுட்டோம்! அங்க தனுஷ்கோடி சாரு குனிஞ்சு நோட்டுல எழுதுறாரு. என்னத்த எழுதுவாரு? எம் மாப்ள பேரத்தான்.

அங்கனயே முடிஞ்சிருக்கணும்தான். முடிஞ்சிருக்கும்.

பாறைக்காட்டுக்காரன் எவனோ, தோத்த கோவத்துல, குடிச்சுப் போட்ட எளநிக் கூட்டைத் தூக்கி மைதானத்துக்குள்ள எறிஞ்சான். சுத்திக்கிட்டே வருது. நான் பதினாலு வருசம் பறக்கிறதையே பாத்தவன். பாத்த ஒடனே கணக்குப் போட்டுட்டேன், அது போயி எறங்குற எடம் தனுஷ்கோடி சாரோட மேசை. யோசிக்கல, சந்தேகப்படல. எந்திரிச்சு நின்னு, தொண்டை நரம்பு தெறிக்க ஒரே கத்து.

'போர்ர்ர்ர்!'

நீங்களே சொல்லுங்க. கிளப்பா இருந்தா என்னா நடந்துருக்கும்? அம்புட்டுத் தலையும் குனிஞ்சிருக்கும். இந்தக் கூமுட்டைக் கூட்டத்துல அம்புட்டுத் தலையும் நிமிந்துச்சு! குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்த மனுசன், 'என்னா சத்தம்?'னு மூஞ்சியத் தூக்குனாரு. சத்துனு வாங்குனாரு. மூக்கு உள்ள போயிருச்சு. அவரு பாட்டுக்குக் குனிஞ்சே இருந்திருந்தா அரை அடி மேல போயிருக்கும்னு பின்னாடி எல்லாரும் சொன்னாய்ங்க. பின்னாடி யாரு வேணா சொல்லலாம்ணே. நிமிந்தது அவரு, பழி எனக்கு.

அதோட போச்சா? போர்டுல பாயிண்டு எழுதுற தங்கமாரி வாத்தியாருக்குக் காது மந்தம். அவரு இங்கிலீசு நாலுன்னு நெனச்சுட்டாரு! ஒண்ணு போட வேண்டிய எடத்துல நாலு போட்டு, முப்பத்தொண்ணுன்னு எழுதிட்டாரு. சின்னக்காளை போர்டப் பாக்குறான், என்னையப் பாக்குறான். 'ஒருத்தனத் தொட்டதுக்கு நாலாடா, திருட்டு நாயே?'ங்கிறான். அவனுக்குப் பின்னாடி நிக்கிறவய்ங்க, 'கேப்டனே போருன்னு அறிவிச்சுட்டான்டா, அடிங்கடா!'ங்கிறாய்ங்க. எங்க ஊருக்காரய்ங்களும், 'நம்ம சவரியே சொல்லிட்டான், இனிமே என்னா?'ன்னு வேட்டிய மடிச்சுக் கட்டுறாய்ங்க.

அப்பறம் நடந்தது இருக்கே!

பந்தக்கால் பிடுங்கி அடிச்சாய்ங்க. பெஞ்சு பிடுங்கி அடிச்சாய்ங்க. பரிசுக் கோப்பையால ஒருத்தன் மண்டையில போட்டதுல கோப்பை ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். மைக் செட்டுக்காரன் அவன் பாட்டுக்குக் குழாயக் கழட்டி வீசுறான், அவனுக்கு எந்த ஊருன்னுகூட எவனுக்கும் தெரியாது. காது கிழிஞ்சவன் கிழிச்சவனத் தேடிக் கண்டுபிடிச்சுக் கடிச்சான். தங்கமாரி வாத்தியாரு போர்டத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு மேசைக்கடியில பூந்தாரு, மேசையோட சேத்து மிதிச்சாய்ங்க. விலா ஒடஞ்சு ஆட்டோவுக்குக் காத்துக் கெடந்த பெரியதம்பிய, ரெண்டு ஊருக்காரய்ங்களும் ஆளுக்கொரு தடவை அடிச்சாய்ங்க. எவன் ஆளுன்னு அவனாலயும் சொல்ல முடியல, மூச்சு இல்ல.

எனக்கு நேரா சின்னக்காளை வாரான். நான் பயப்படல. மொதல்ல பாக்கணும். ஆளு எம்புட்டுத் தூரம்? ஆறடி. காத்து எந்தப் பக்கம்? எங்க அடிக்கணும்? தாடையா, வயிறா? காலை அகட்டி வச்சேன். தோளைத் தளத்திக்கிட்டேன். கையத் தூக்கி ஒரு தடவை சும்மா வீசிப் பாத்தேன், கர்னல் அய்யா அப்பிடித்தான் பண்ணுவாரு. அதுக்குள்ள அவன் என்னைய நாலு குத்து குத்தி முடிச்சிட்டான். கோல்புல பந்து அது பாட்டுக்குக் கெடக்கும்ணே. அந்த மரியாதை சின்னக்காளைக்கு இல்ல.

மண்ணுல கெடக்கேன். காலுக்கு எடையில பாக்குறேன். தனுஷ்கோடி சார எவனோ ஒருத்தன் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறான்! பனியன் கிழிஞ்சு தொங்குது, ஒடம்பு பூரா ரத்தமும் மண்ணும், எந்த ஊருக்காரன்னு தெரியல. அடப்பாவி, ஆபீசரையே கடத்துறாய்ங்களேன்னு நெனச்சேன். சாரு போயிட்டா எம் மாப்ள வேலை என்னாகும்? முடிவெடுத்தேன். பாஞ்சேன். கணுக்கால் பிடி என்னோட பழைய வித்தைண்ணே, உடும்புப் பிடி. ரெண்டு கையாலயும் கவ்விப் பிடிச்சேன்.

'மாமா, விடு! மாமா, விடு மாமா!'ங்கிறான்.

ஊர்ல எல்லாப் பயலும் என்னைய மாமான்னுதான் கூப்புடுறான், நான் என்னத்தக் கண்டேன்? விடல. அவன் நிக்கல. ஆபீசரு தோள்ல, நான் கால்ல, அப்பிடியே இழுத்துக்கிட்டுப் போறான். குறுக்க வந்த பாறைக்காட்டுக்காரய்ங்க ஏழெட்டுப் பேரு மேல விழுறாய்ங்க, எங்க ஊருக்காரய்ங்க நாலு பேரு விழுறாய்ங்க. ஒவ்வொருத்தனையும் உதறிட்டுப் போறான். முப்பது அடி இழுத்துருப்பான். நெஞ்சுத் தோல் பூரா மண்ணுல போச்சு எனக்கு. கடைசியில சாரோட ஜீப்புகிட்ட வந்துட்டான். கதவத் தெறந்து அவர உள்ள போட்டான். ஜீப்புப் படிக்கும் சக்கரத்துக்கும் எடையில என் காலு மாட்டிக்கிச்சு. அவன் ஒரு உதறு உதறினான். மடக்! பச்சை மூங்கிலு ஒடியிற சத்தம்.

அப்பத்தான் மூஞ்சியப் பாத்தேன். ராயப்பன்.

'மாப்ள, நீயா?'ன்னேன். மூச்சு வாங்கிக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டே நின்னான். எறங்குன தோள்ல ஆபீசரத் தூக்கிட்டு வந்துருக்கான், கை தொங்குது. கண்ணுல தண்ணி. நான் போட்ட மண்ணு இன்னும் போகல போல.

மேட்ச்ச ரத்து பண்ணிட்டாய்ங்க. ரெண்டு டீமுக்கும் ஒரு வருசம் தடை. ராயப்பனுக்கு வயசு முடியிறதுக்குப் பதினோரு நாளுதான் பாக்கி. ஞானம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா. தம்பி தோளுக்குக் கட்டுப் போடுறதப் பாத்து மூலையில உக்காந்து அழுதா. எனக்கு ஆரஞ்சு ரெண்டு கொண்டாந்தா. நல்லாக் குறி பாத்துத்தான் எறிஞ்சா.

ஆனா கேளுங்க. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல யாரு? தனுஷ்கோடி சாரு! மூக்குல பஞ்சு வச்சு, மூஞ்சி பூசணிக்கா மாதிரி. ஏழாவது நாளு ராயப்பனக் கூப்பிட்டு விட்டாரு. அவன் தோள் கட்டோட பணிவா நிக்கிறான். சாரு மூக்கால பேசுறாரு: 'முப்பது வருசமா ஆள் எடுக்குறேன்டா. ரெண்டு டீமும் மேல விழுந்து, போதாக்குறைக்கு ஒரு பைத்தியக்காரன் காலைக் கவ்வியும், ஒரு ஆளத் தூக்கிக்கிட்டுக் கோடு தாண்டுனவன இப்பத்தான் பாக்குறேன். இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்?' படுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. வேலை!

பைத்தியக்காரன்னு அவரு சொன்னது சின்னக்காளையத்தான் இருக்கும். அவன்தான் ஒரு மாதிரி ஆளு.

இப்பச் சொல்லுங்கண்ணே. நான் போர்னு கத்தலேன்னா சண்டை ஏது? சண்டை இல்லேன்னா ராயப்பன் அவரத் தூக்கிக்கிட்டு ஓடுறது ஏது? நான் காலைப் பிடிக்கலேன்னா, பிடிச்சும் இழுத்தான்ங்கிற பேரு அவனுக்கு ஏது? இந்த வேலை யாரு வாங்கிக் குடுத்தது? ஊர்ல ஒரு பய ஒத்துக்கிற மாட்டேங்கிறான். ஞானம்மா ஒன்றரை மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் காலு சரியாகுறதுக்கு மௌன விரதம் இருக்கா போல. அந்தா, முன்னாடி மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. இங்கிட்டுத் திரும்ப மாட்டா. கூச்ச சுபாவம்.

நாளைக்கு மதுரையில ராயப்பனுக்கு மொத மேட்ச்சு, கம்பெனி பனியன்ல. அக்காளுக்குப் போன் போட்டு வரச் சொல்லிருக்கான். எனக்கும் தனியாச் சேதி சொல்லி விட்டான்ணே. 'மாமாவும் வரட்டும், ஆனா மைதானத்துக்குள்ள வாரப்ப வாயில துண்டக் கட்டிக்கிட்டு வரட்டும்'னானாம். பாசத்தப் பாத்தீங்களா? மதுரைப் புழுதி எனக்கு ஒத்துக்கிறாதுன்னு அவனுக்குத் தெரியும்.

கெளம்புற அவசரத்துல துண்ட மறந்துட்டேன். ஆனா முடிவெடுத்துட்டேண்ணே, சந்தேகமே இல்ல. இம்புட்டு நேரம் ஓசியில கதை கேட்டீங்கள்ல, அதுக்குக் கூலி வேணாமா? அந்தா ஒங்க தோள்ல கெடக்குதே ஈரோட்டுத் துண்டு, அதக் கழட்டுங்க. கழட்டுங்கண்ணே, வெக்கப்படாதீங்க. ஓரத்துல பாக்குக் கறை இருந்தாலும் பரவாயில்ல, நான் தொவைச்சுக்கிறேன்.